வீடில்லை, நகையில்லை, ஒரு பந்தயக் கார் மட்டும்!

1947-ஆம் வருஷம். அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்று ஓர் ஊர். அங்கே லூயிஸ் ஸ்மித் என்று ஓர் அம்மாள். கணவருக்குப் பழைய கார்களை வாங்கி உடைத்துச் சாமான் விற்கிற தொழில். வீட்டில் புத்தம் புதிதாக ஒரு ஃபோர்டு கார் வாங்கி நிறுத்தியிருந்தார்கள். வெளியூர் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, அந்தப் புதுக் காரை எடுத்துக்கொண்டு அம்மாள் கிளம்பினார். போனது ஃப்ளோரிடாவில் டேடோனா கடற்கரைக்கு. அங்கே நடக்கும் கார் பந்தயத்தை வேடிக்கை பார்க்கத்தான் போனார். போனவர் சும்மா இருந்தாரா? பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. புதுக் காரையே பந்தயத்தில் இறக்கிவிட்டார். கார் உருண்டு நொறுங்கிப் போயிற்று!

ஊருக்குத் திரும்பியது பஸ்ஸில். “கார் எங்கே?” என்று கணவர் கேட்டார். அந்த ஓட்டை வண்டி வழியில் அகஸ்டாவில் நின்று போய்விட்டது என்று அம்மாள் சமாளித்தார். கணவர் ஒன்றும் பேசாமல் அன்றைய பேப்பரை எடுத்து நீட்டினார். நொறுங்கிய காரின் படம் அதிலே வந்திருந்தது.

அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அம்மாள் பந்தயத்தை விடவில்லை. இன்னும் ஒன்பது வருஷம் ஓட்டினார்!

அதற்கு முந்தின வருஷம் அவர் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டிய கதை இன்னும் வேடிக்கை. கூட்டம் சேர்க்க ஒரு பெண் ஓட்டினால் நன்றாயிருக்கும் என்று அமைப்பாளர்கள் அவரைப் பிடித்துப் போட்டார்கள். அதுவரை அவர் பந்தயத்தைப் பார்த்ததுகூட இல்லை. சிவப்புக் கொடி காட்டினால் நிறுத்து என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பந்தயம் முடிந்ததற்கு அடையாளம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி என்பதை யாரும் சொல்லவில்லை. எல்லோரும் முடித்துவிட்டு ஒதுங்கிய பிறகும் இவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்! கடைசியில் யாருக்கோ ஞாபகம் வந்து சிவப்புக் கொடியைக் காட்ட, அப்புறம்தான் நிறுத்தினார். கிடைத்தது மூன்றாவது இடம்.

கார் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரிகள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் அண்ணன் மகன் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்கிறவன். விடுமுறைக்கு வந்தால் வாய் ஓயாமல் இந்தப் பேச்சுத்தான். அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, “அத்தே, இதைக் கேளுங்களேன்” என்று ஆரம்பிப்பான். ஜேனட் கத்ரி என்ற பெயரை அவன் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். அந்த அம்மாள் 2005-இல் தம் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவன் சொல்லச் சொல்ல, எனக்கே மேலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் ஸ்டாக் கார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடையில் ‘ஸ்டாக்’ இருக்கிறது என்கிறோமே, அதே வார்த்தைதான். பந்தயத்துக்கென்றே பிரத்தியேகமாகச் செய்த கார் இல்லை. கம்பெனி விற்பனைக்கு வைத்திருக்கிற சாதாரண வீட்டுக் கார் என்று பொருள். இந்தப் பந்தயம் பிறந்த கதை அவ்வளவு கௌரவமானதல்ல. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து மலைப் பிரதேசங்களில் கள்ளச் சாராயம் காய்ச்சி, ராத்திரியில் காரில் கடத்துவார்கள். போலீஸிடம் அகப்படாமல் ஓட வேண்டும். ஆனால் பார்வைக்குச் சாதாரணக் கார் போல இருக்க வேண்டும். அதற்காக என்ஜினை மட்டும் முடுக்கி வைத்தார்கள். யார் கார் வேகம் என்று அவர்களுக்குள்ளே போட்டி வந்தது. அதுவே பந்தயமாக வளர்ந்தது. 1948-இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் முன்னின்று இதற்கென்று ‘நாஸ்கார்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1949-இல் டேடோனாவில் நடந்த அதன் இரண்டாவது பெரிய பந்தயத்திலேயே மூன்று பெண்கள் ஓட்டினார்கள். லூயிஸ் ஸ்மித், ஸாரா கிறிஸ்டியன், எதெல் மோப்லி. எதெலின் சகோதரர்கள் மூன்று பேரும் அதே பந்தயத்தில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை அக்கா பின்னுக்குத் தள்ளிவிட்டு 11-ஆவதாக வந்தார்!

காலப்போக்கில் வீட்டுக் கார் என்பது பெயருக்குத்தான் என்றாயிற்று. வெளியே தகடு மட்டும் கடைக் காரின் சாயல். உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு. உருண்டால் ஆள் நசுங்காமல் இருப்பதற்கு. பக்கத்து ஸீட் கிடையாது, பின் ஸீட் கிடையாது. “கதவே கிடையாது அத்தே! வெல்டு வச்சு மூடிடுவாங்க. ஜன்னல் வழியாத்தான் உள்ளே ஏறணும்” என்றான் என் மருமகன். எடை 1,600 கிலோவுக்கு மேல். அந்த நாளில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் சாதனமெல்லாம் கிடையாது, தோள் பலம்தான். முட்டை வடிவத் தடத்தில் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான சுற்று. டேடோனாவில் வளைவுகள் 31 டிகிரி சரிவு. சுவரில் ஓட்டுகிற மாதிரிதான்.

எல்லாவற்றையும்விட வெக்கை! முன்னாலே என்ஜின், காலடியில் சூடேறிய தகடு, உடம்பிலே தீப்பிடிக்காத கெட்டி உடுப்பு, தலையிலே கவசம். உள்ளே 50 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடுமாம். ஒரு பந்தயம் முடிந்து இறங்குவதற்குள் வியர்வையாகவே இரண்டு மூன்று கிலோ எடை போய்விடும். சித்திரை வெயிலில் அடுப்புக்கு முன்னால் நின்று வெந்து போகிறோம் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்தச் சூட்டில் மூன்று நாலு மணி நேரம், கண்ணை இமைக்காமல், நாலு பக்கமும் ஒரு முழ இடைவெளியில் பிற கார்கள் பறக்க, ஓட்ட வேண்டும்.

இனி ஜேனட்டின் கதைக்கு வருகிறேன்.

1938 மார்ச் 7-ஆம் தேதி அயோவா மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது ஃப்ளோரிடாவில், மியாமியில். அப்பா விமான பைலட். படித்தது பெண்கள் பள்ளி. பதினாறு வயதில் பாராசூட்டில் குதித்தாள் இந்தப் பெண். பதினேழு வயதில் விமானம் ஓட்ட லைசென்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து 1960-இல் பட்டம் வாங்கினார். விமானம் செய்கிற ஒரு கம்பெனியில் ஆராய்ச்சி என்ஜினீயராக உத்தியோகம். நல்ல சம்பளம், நல்ல கௌரவம். விஞ்ஞானிகளை விண்வெளிக்கு அனுப்பப் போகிறோம் என்று அமெரிக்க அரசு அறிவித்தபோது விண்ணப்பம் போட்டு, முதல் வடிகட்டலிலும் தேறினார். பிறகு டாக்டர் பட்டம் இருந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட பெண்ணின் கையில் சம்பளப் பணம் சேர்ந்ததும், ஒரு பழைய ஜாகுவார் கார் வாங்கினார். அங்கே ஆரம்பித்தது வினை! அதை எடுத்துக்கொண்டு சின்னச் சின்னப் பந்தயங்களுக்குப் போனார். அடுத்து அதைவிட வேகமான இன்னொரு ஜாகுவார். என்ஜினைத் தாமே பிரித்து, தாமே சேர்த்து, தாமே ஓட்டினார். ஸெப்ரிங் என்ற ஊரில் 12 மணி நேரம் விடாமல் ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. அதில் இரண்டு தடவை தம் பிரிவில் முதலாவதாக வந்த குழுவில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உத்தியோகம் பின்னுக்குப் போயிற்று. 1972 முதல் பந்தயமே முழு நேர வேலை.

வேலை என்றால் சம்பளம் வர வேண்டுமே! இதில் வருவதெல்லாம் செலவுதான். 1975-இல் தம் நிலைமை எப்படி இருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். பணமில்லை, வீடில்லை, கணவரில்லை, நகையில்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. ஓட்டி ஓட்டித் தேய்ந்த ஒரு பந்தயக் கார்தான் மிச்சம். பதின்மூன்று வருஷ உழைப்புக்குப் பிறகு! இதைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டுப் பெண் இப்படிச் செய்தால் நாம் விடுவோமா? நான் விடமாட்டேன். நிஜத்தைச் சொல்கிறேன்.

அப்படி எல்லாம் முடிந்தது என்று இருந்த சமயத்தில்தான் டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் ரோலா வோல்ஸ்டெட். கார் பந்தயக் குழு வைத்திருந்தவர். இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கு என் காரை ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டார். ஜேனட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. இவர் நிஜமான ஆள்தானா என்று ஒரு பந்தய நிருபரிடம் விசாரித்துக்கொண்ட பிறகே சம்மதித்தார். பெண் என்றால் இந்த ஜாக்கிரதையும் வேண்டியிருக்கிறது!

இண்டியானாபோலிஸ் பந்தயம் ஸ்டாக் கார் இல்லை. அது பந்தயத்துக்கென்றே செய்த, கூரையில்லாத, தாழ்ந்த கார். 1911-லிருந்து நடக்கிறது. அங்கே என்ன வழக்கம் தெரியுமா? 1971 வரைக்கும் கார்களைப் பழுது பார்க்கிற இடத்துக்குள்ளேயே பெண்கள் காலெடுத்து வைக்கக்கூடாது. கார் சொந்தக்காரியாக இருந்தாலும் சரி, பத்திரிகை நிருபராக இருந்தாலும் சரி, வெளியேதான் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு 1976-இல் ஒரு பெண் ஓட்டவே வருகிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? பெண்ணுக்குப் பலம் போதாது, தாங்கமாட்டாள், மற்றவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவாள் என்றெல்லாம் பேச்சு. பலம் போதாது என்றதற்கு ஜேனட் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. காரை ஓட்டத்தானே போகிறேன், தூக்கிக்கொண்டா போகப்போகிறேன்!

ஆனால் கார் ஓடவில்லை. போதிய வேகம் வரவில்லை. கார் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. பெண்ணால் முடியவில்லை என்றார்கள். கடைசி நாளில் ஒரு காரியம் நடந்தது. ஏ.ஜே. ஃபாய்ட் என்பவர் அந்தப் பந்தயத்தை அதற்குள் மூன்று முறை ஜெயித்த பெரிய வீரர். அவர் தம்மிடமிருந்த உபரிக் காரைக் கொடுத்து, ஓட்டிப் பார் என்றார். ஜேனட் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் பழகிக்கொண்டு, மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டிவிட்டார். தேர்ச்சி பெற அந்த வேகம் போதும். ஆனால் தேர்வுக்கு அந்தக் காரைக் கொடுப்பதில்லை என்று ஃபாய்ட் முடிவு செய்துவிட்டார். பந்தயத்தில் இடம் இல்லை. ஆனாலும், குற்றம் யாருடையது என்பது வந்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்து போயிற்று.

அதற்குள் வடக்குக் கரோலினாவில் ஷார்லட் என்ற ஊரிலிருந்து அழைப்பு. அந்த ஊர்ப் பந்தயத் தடத்தை நடத்திய ஹம்பி வீலர், எங்கள் ஸ்டாக் கார் பந்தயத்தில் வந்து ஓட்டு என்றார். (கூட்டம் சேரும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. 1946-இல் லூயிஸ் அம்மாளைக் கூப்பிட்ட அதே கணக்குத்தான்!) கார் வேண்டுமே? லின்டா ஃபெராரி என்ற பெண்மணி கார் சொந்தக்காரராக முன்வந்தார். அவர் பாங்க்கில் பெரிய அதிகாரி. பாங்க்கில் கணக்குப் பார்க்கிற பெண்ணும் பௌதிகம் படித்த பெண்ணும் சேர்ந்து, சாராயக் கடத்தலில் பிறந்த ஆட்டத்துக்குள் நுழைந்தார்கள்!

1976 மே 30. பந்தயம் 600 மைல். ஒன்றரை மைல் தடத்தில் 400 சுற்று. 965 கிலோமீட்டர் என்றால், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், அப்படியே திரும்பி மதுரையைத் தாண்டி வருகிற தூரம். ஒரே மூச்சில், நாலு மணி நேரத்துக்கு மேல். இவ்வளவு நீளமான பந்தயம் நாஸ்காரில் வேறு கிடையாது. ஜேனட்டுக்கு வயது 38. ஸ்டாக் காரில் அதுவே முதல் பந்தயம். பாதியில் மயங்கி விழுவார் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். கடைசி வரை ஓட்டி 15-ஆவதாக வந்தார். நாற்பது கார்கள் கிளம்பிய பந்தயம் அது. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பாதியில் நின்றவர்களும் எல்லோரும் ஆண்கள்.

அடுத்த வருஷம், 1977, அவருடைய வருஷம். பெண்களுக்கு ஆபீஸ் வேலை தேடிக் கொடுக்கிற ‘கெல்லி கேர்ல்’ என்ற நிறுவனம் செலவுக்குப் பணம் கொடுத்தது. 68-ஆம் எண் ஷெவர்லே காரில் அந்தப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. பிப்ரவரியில் டேடோனா 500. எட்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, முடிய இன்னும் பத்துச் சுற்று இருக்கையில், என்ஜினில் இரண்டு ஸிலிண்டர்கள் வேலை செய்யாமல் போயின. முக்கால் உயிரோடு இருந்த அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய் 12-ஆவதாக முடித்தார். அன்று ஓட்டிய புதியவர்களில் அவர்தான் முதல். அந்தப் பெரும் பந்தயத்தில் ஓட்டிய முதல் பெண்ணும் அவர்தான்.

மே மாதம் மறுபடி இண்டியானாபோலிஸ். இந்தத் தடவை மணிக்கு 188 மைல் வேகத்தில், அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டித் தேர்ச்சி பெற்றார். உடனே ஒரு புது வம்பு கிளம்பியது. அங்கே பந்தயம் ஆரம்பிக்கும்போது, “கனவான்களே, என்ஜின்களைக் கிளப்புங்கள்” என்று மைக்கில் சொல்வது பரம்பரை வழக்கம். இப்போது ஒரு சீமாட்டியும் இருக்கிறாரே, என்ன சொல்வது? வார்த்தையை மாற்றமாட்டோம் என்றார்கள் நிர்வாகிகள். காரணம் கேட்டால், என்ஜினைக் கிளப்புவது ஓட்டுகிறவர் இல்லை, வெளியே நிற்கும் மெக்கானிக்தான். மெக்கானிக்குகள் எல்லோரும் ஆண்கள்தானே என்றார்கள். பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? ஜேனட்டின் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கே பிக்நாட்டி என்ற பெண்மணியை, ஒரு பிரபல மெக்கானிக்கின் மனைவியை, என்ஜின் கிளப்பும் கருவியோடு காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்! வேறு வழியில்லாமல், இங்கே முதன்முதலாகத் தேர்ச்சி பெற்ற பெண்மணியோடு கூட, கனவான்களே, கிளப்புங்கள் என்று அன்றைக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. மாமியார் வீட்டுச் சம்பிரதாயங்களை இப்படி ஒவ்வொன்றாக நெளித்துப் பழகியவர்களுக்கு இதிலே இருக்கிற சுவை புரியும்.

அன்றைக்கு என்ஜின் கோளாறினால் 27 சுற்றுகளோடு நின்று போனது வேறு விஷயம்.

ஆனால் நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் நடந்ததைத்தான். அங்கே தடம் வெறும் அரை மைல். நிமிஷத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் வரும். அப்படி 400 சுற்று, ஆகஸ்ட் வெயிலில். கிறுகிறுவென்று ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி. மூச்சு விட நேர்க்கோடு கிடையாது. பெண்ணுக்குத் தெம்பு போதாது என்று சொன்னவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரீட்சை இல்லை. அதில் ஜேனட் ஆறாவதாக வந்தார். அந்த வருஷம் 19 நாஸ்கார் பந்தயங்களில் ஓட்டி, நாலு தடவை முதல் பத்துக்குள் வந்தார். நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு பந்தயத்தில் ஐந்து சுற்றுகள் எல்லோருக்கும் முன்னால் முதலாவதாகவும் ஓடினார். ஆரம்பத்தில், உத்தமமான பெண்மணியாக இருந்தால் வீட்டில் இருப்பாள் என்ற அர்த்தத்தில் பேசிய பெரிய வீரர்கூட உண்டு. ஆனால் அப்போதைய சாம்பியன் கேல் யார்பரோ, எங்களோடு போட்டியிடும் திறமை இவருக்கு உண்டு என்பதில் சந்தேகமேயில்லை என்று வாய் திறந்து சொன்னார். ஓடியவர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டல்லவா?

இனி அந்த மணிக்கட்டு விஷயம். 1978-இல் ஜேனட் ஒரு பெட்ரோல் கம்பெனியின் உதவியோடு இண்டியானாபோலிஸுக்குச் சொந்தக் குழுவையே அமைத்தார். கார் வாங்கியது, ஆள் பிடித்தது, கணக்கு வைத்தது எல்லாம் அவரே. பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தரும காரியத்துக்காக நடந்த ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் கீழே விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. தெரிந்தால் ஓட்ட விடமாட்டார்கள். மூடி மறைத்துவிட்டார். 500 மைல் பந்தயத்தில் முறிந்த கையோடு உட்கார்ந்து, கியர் மாற்ற வேண்டிய போதெல்லாம் இடது கையைக் குறுக்கே நீட்டி மாற்றி, ஒன்பதாவதாக வந்தார்! 27 வருஷம் கழித்து 2005-இல் டானிகா பேட்ரிக் நாலாவதாக வரும் வரை, அங்கே ஒரு பெண் அதைவிட மேலே வரவில்லை.

நம்மில் எத்தனை பேர் சுளுக்கிய கையோடு மாவரைத்திருக்கிறோம்! இருந்தாலும், தாய்மார்களே, எலும்பு முறிவை மறைப்பதை மட்டும் நான் ஒருபோதும் மெச்சமாட்டேன். கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்காத எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் ஆயுளுக்கும் தொந்தரவு. குழந்தை விழுந்து கை வீங்கினால் எண்ணெய் தடவிக்கொண்டு நாலு நாள் பார்ப்பது கூடாது. உடனே டாக்டரிடம் காட்டிப் படம் எடுத்துவிட வேண்டும்.

இத்தனை செய்தவர் மேலே மேலே போயிருக்க வேண்டுமே என்று தோன்றும். போகவில்லை. கார் பந்தயத்தில் ஓட்டுகிற திறமை ஒரு பங்கு, மீதியெல்லாம் பணம். ஒரே பந்தயத்தில் எத்தனை தடவை டயர் மாற்றுவார்கள் தெரியுமா? ஒரு பெரிய பந்தயம் முடிவதற்குள் குவியலாகச் சேர்ந்துவிடும். என்ஜின் ஒரு நாள் கூத்து. அடுத்த பந்தயத்துக்கு வேறு. மெக்கானிக்குகளுக்குச் சம்பளம், ஊர் ஊராக லாரியில் காரை ஏற்றிப் போகும் செலவு. இதையெல்லாம் ஏதாவது ஒரு கம்பெனி விளம்பரத்துக்காகக் கொடுத்தால்தான் உண்டு. ஜேனட் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். பாராட்டினார்கள், கை குலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். செக் மட்டும் எழுதவில்லை. 1978-இல் நாஸ்காரில் ஏழு பந்தயம்தான் ஓட்டக் கிடைத்தது. 1979-இல் ஒன்றுகூட இல்லை. அந்த வருஷம் மில்வாக்கியில் இண்டி கார் பந்தயம் ஒன்றில் ஐந்தாவதாக வந்தார். அப்படியும் யாரும் கூப்பிடவில்லை.

1980-இல் ஆஸ்டர்லண்ட் என்பவரின் குழு டேடோனாவில் ஓட்ட ஒரு கார் கொடுத்தது. நன்றாகப் பராமரித்த கார். அதே குழுவின் இன்னொரு காரை ஓட்டியவர் டேல் எர்ன்ஹார்ட். அந்த வருஷமே சாம்பியன் ஆனவர். ஜேனட் 11-ஆவதாக வந்தார். அதே வருஷத்தோடு அவருடைய நாஸ்கார் வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 33 பந்தயங்கள். ஐந்து தடவை முதல் பத்துக்குள். இன்னும் மூன்று வருஷம் பணம் தேடிப் பார்த்துவிட்டு, 1983-இல் அந்த முயற்சியையும் விட்டார். மனமுவந்து விலகிய வீரர்கள் வேறு. இவர் வயிறு காய்ந்து வெளியே வந்தவர். அவருடைய புத்தகத்தில் இந்த இடம்தான் மனசைப் பிசைகிறதாம். என் மருமகனும் இந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

எனக்கு ஒரு விஷயத்தில் இன்னும் மனசு சமாதானமாகவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிப்பதனால் யாருக்கு என்ன லாபம்? எத்தனையோ வீரர்கள் அந்தத் தடங்களில் செத்திருக்கிறார்கள். டேல் எர்ன்ஹார்ட்டே 2001-இல் அதே டேடோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்து போனார். பெற்றவள் மனசு இதை ஏற்றுக்கொள்ளாது. இதை என் மருமகனிடம் சொன்னேன். “அது ஆம்பிளைக்கும் சேர்த்துத்தானே அத்தே சொல்லணும்?” என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை, சாதம் போட்டேன்.

ஜேனட் 1989-இல், ஐம்பத்தொரு வயதில், ஒரு விமான பைலட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய தலைக்கவசமும் பந்தய உடுப்பும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கின்றன. பந்தய வீரர்களுக்கான சர்வதேச கௌரவப் பட்டியலில் 1999-இல் லூயிஸ் ஸ்மித்தைச் சேர்த்தார்கள். பெண்களில் அவர்தான் முதல். 2006-இல் ஜேனட்டையும் சேர்த்தார்கள். நாஸ்கார் அமைப்பு தன் கௌரவ மண்டபத்தில் இவருக்குச் சிறப்பு விருது கொடுக்க 2024 ஆகிவிட்டது. அவருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

பிற்பாடு வந்த டானிகா பேட்ரிக்குக்குக் காலம் வேறு. பெரிய கம்பெனிகள் பணத்தோடு தேடி வந்தன. 2013-இல் டேடோனா 500 பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால், முதல் இடத்திலிருந்து கிளம்பிய முதல் பெண் அவர். நல்ல கார், நல்ல ஆட்கள், 191 நாஸ்கார் பந்தயங்கள். அத்தனையிலும் அவர் வந்த மிக நல்ல இடம், 2014-இல் அட்லாண்டாவில். ஆறாவது இடம். பிரிஸ்டலில், பாங்க் அதிகாரியின் காரில், 1977-இல் ஜேனட் வந்த அதே இடம்.